மன்னர் இருந்தால் ஜனநாயகம் இல்லையா?

வாசகர் கேள்வி – பதில்

"எங்களுடையது குடியரசு. உங்கள் மலேசியாவுக்கு மன்னர் இருக்கிறார். அப்புறம் எப்படி ஜனநாயகம் என்கிறீர்கள்?" என்று தமிழ்நாட்டிலிருந்து வந்த உறவினர் கேட்கிறார். என்ன சொல்வது?
– வாசகர், ஜெலுத்தோங்

அவர் இரண்டு கேள்விகளை ஒன்றாகக் கேட்டுவிட்டார். நாட்டின் தலைவர் பதவி அரச குடும்பப் பிறப்பால் வருகிறதா என்பது ஒன்று. ஆள்பவர்களை மக்கள் வாக்குப் போட்டு மாற்ற முடிகிறதா என்பது இன்னொன்று. முதலாவதற்கு விடை 'இல்லை' என்றால் குடியரசு. இரண்டாவதற்கு 'ஆம்' என்றால் ஜனநாயகம். இந்தியா இரண்டும்தான். ஜப்பான், சுவீடன், பிரிட்டன் ஆகியவை மன்னர் இருந்தும் ஜனநாயக நாடுகள். வடகொரியாவோ தன் அதிகாரப்பூர்வப் பெயரிலேயே இரண்டையும் வைத்துக்கொண்டு மூன்று தலைமுறையாக ஒரே குடும்பத்தின் பிடியில் இருக்கிறது.

மலேசியா குடியரசு அல்ல. அரசியலமைப்புக்கு உட்பட்ட மன்னராட்சியும் நாடாளுமன்ற ஜனநாயகமும் சேர்ந்த நாடு. அதிலும் மாமன்னர் பதவி தந்தையிடமிருந்து மகனுக்குப் போவதில்லை. ஒன்பது மாநிலங்களின் மலாய் ஆட்சியாளர்கள் (சுல்தான் போன்ற மன்னர்கள்) இரகசிய வாக்கெடுப்பு நடத்தி, தங்களில் ஒருவரை ஐந்தாண்டுக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். குறைந்தது ஐந்து வாக்குகள் வேண்டும். 2024 ஜனவரி 31இல் பதவியேற்ற ஜொகூர் சுல்தான் இப்ராஹிம் 17ஆவது மாமன்னர். வாக்களிப்பவர்களும் போட்டிக்குரியவர்களும் அந்த ஒன்பது பேர் மட்டுமே என்பதால், தேர்தல் நடந்தாலும் இது குடியரசு ஆகிவிடாது.

பினாங்கில் சுல்தான் இல்லை. அப்படியானால் எங்கள் மாநிலம் மட்டும் குடியரசா?
– வாசகி, புக்கிட் மெர்தாஜாம்

இல்லை அம்மா. பினாங்கு, மலாக்கா, சபா, சரவாக் ஆகிய நான்கு மாநிலங்களுக்கும் ஆளுநர் உண்டு. மாமன்னர் முதலமைச்சரைக் கலந்தாலோசித்த பின் ஆளுநரை நியமிக்கிறார், மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை. மாமன்னர் தேர்தலில் ஆளுநருக்கு வாக்கும் கிடையாது.

மாமன்னர் தாம் நினைத்தவரைப் பிரதமராக்க முடியுமா?
– வாசகர், செந்தூல்

முடியாது. அரசியலமைப்பின் 43ஆவது பிரிவு இரண்டு நிபந்தனைகள் வைக்கிறது. பிரதமராகிறவர் மக்களவை உறுப்பினராக இருக்க வேண்டும். பெரும்பான்மை உறுப்பினர்களின் நம்பிக்கை அவருக்குக் கிடைக்கும் என்று மாமன்னர் கருத வேண்டும். 222 இடங்களில் 112ஐ ஒரு கூட்டணி தெளிவாகத் தாண்டிவிட்டால் யோசிக்க அதிகம் இருக்காது.

யாருக்கும் 112 கிடைக்காதபோதுதான் மாமன்னரின் கணிப்புக்கு எடை கூடுகிறது. 2022 நவம்பர் 19 பொதுத்தேர்தலுக்குப் பின் அதுவே நடந்தது. 24ஆம் தேதிதான் அன்வார் இப்ராஹிம் பதவியேற்றார். டிசம்பர் 19இல் மக்களவை நம்பிக்கைத் தீர்மானத்தை நிறைவேற்றியது. கணிப்பு சரியா என்று பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

நாடாளுமன்றத்தைக் கலைக்கும் கோரிக்கையை மறுப்பதும் மாமன்னருடைய விருப்புரிமை. அன்றாட ஆட்சி விஷயங்களில் அவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படியே நடக்க வேண்டும். நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்கு 30 நாளுக்குள் ஒப்புதல் தராவிட்டாலும் அது சட்டமாகிவிடும்.

அப்படியானால் நம் ஜனநாயகத்தில் குறையே இல்லை என்கிறீர்களா?
– வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

குறை இருக்கிறது, ஆனால் அதை அரண்மனையில் தேடுவது வீண். முதலில் நகராண்மைக் கழகத்தைப் பாருங்கள். பினாங்கின் தலைநகர் ஜார்ஜ்டவுன் மக்கள் 1951 டிசம்பரிலேயே நகராண்மைக் கழக உறுப்பினர்களுக்கு வாக்களித்தார்கள். கோலாலம்பூர் மக்கள் 1952 பிப்ரவரியில். ஜார்ஜ்டவுனின் முதல் மேயர் டி. எஸ். ராமநாதன். மெர்டேக்காவுக்கு, அதாவது சுதந்திரத்துக்கு, முன்பே இருந்த அந்த உரிமை, இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி 1965இல் நிறுத்தப்பட்டது. மோதல் முடிந்தும் அது திரும்பவில்லை. செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையிலான அரச ஆணையம் தேர்தலை மீண்டும் நடத்தப் பரிந்துரைத்தது, அரசாங்கம் ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் கதவை ஒரேயடியாக அடைத்தது. பினாங்கு 2012இல் சொந்தச் சட்டம் இயற்றிப் பார்த்தது. 2014இல் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது.

விளைவு என்ன? குப்பை, கால்வாய், அங்காடிக்கடை உரிமம், வாகன நிறுத்தக் கட்டணம் என்று தினமும் நம்மைத் தொடும் முடிவுகளை எடுப்பவர்கள் எல்லாரும் நியமனம் பெற்றவர்கள். கோலாலம்பூர்வாசிக்கு இழப்பு இன்னும் அதிகம். 1974 பிப்ரவரி 1 முதல் இது மத்திய அரசின் நேரடிப் பொறுப்பிலுள்ள கூட்டரசுப் பிரதேசம். அதனால் சட்டமன்றமும் இல்லை, மேயரான டத்தோ பண்டாரும் நியமனம். தலைநகர வாக்காளர் கையில் இருப்பது ஒரே ஒரு நாடாளுமன்ற வாக்கு.

இரண்டாவது குறை, அந்த வாக்கின் எடை. 2022இல் சிலாங்கூரின் பாங்கி தொகுதியில் வாக்காளர்கள் 3 லட்சத்துக்கும் மேல். சரவாக்கின் இகான் தொகுதியில் 29 ஆயிரத்துக்கும் கீழ். இரண்டுக்கும் தலா ஓர் இடம்தான். 1957 அரசியலமைப்பு தொகுதிகளுக்கு இடையே 15 விழுக்காட்டு வேறுபாட்டை மட்டுமே அனுமதித்தது. 1962இல் கிராமப்புறத் தொகுதி நகரத் தொகுதியில் பாதியளவு இருக்கலாம் என்று தளர்த்தினார்கள். 1973இல் வரம்பையே எடுத்துவிட்டார்கள். 2013இல் எதிர்க்கட்சிக் கூட்டணியான பக்காத்தான் ராக்யாட் 50.87 விழுக்காடு வாக்கு பெற்றும் 89 இடங்களோடு நின்றது, 47.38 விழுக்காடு பெற்ற ஆளும் கூட்டணி தேசிய முன்னணி 133 இடங்களோடு ஆட்சியமைத்தது. தொகுதி எல்லையைச் சரிசெய்யாமல் இதைச் சரிசெய்ய முடியாது.

நாடாளுமன்ற மேலவையும் திசை மாறியிருக்கிறது. தொடக்கத்தில் 38 பேரில் 22 பேரை மாநிலச் சட்டமன்றங்கள் தேர்ந்தெடுத்தன. இன்று 70 பேரில் 26 பேர் மட்டும் அப்படி வருகிறார்கள். 44 பேர் நியமனம்.

பினாங்கின் பிறையில் வாக்காளராகப் பதிந்தேன். இப்போது குடியிருப்பது செராஸில். வாக்கு தானாக மாறிவிடுமா?
– வாசகி, செராஸ்

மாறாது. 2021 டிசம்பர் 15இல் நடப்புக்கு வந்த தானியங்கிப் பதிவு, 18 வயதை எட்டும் புதியவர்களை மைகார்டு (அடையாள அட்டை) முகவரிப்படி சேர்ப்பதற்கானது. ஏற்கெனவே பதிந்தவர் முதலில் தேசியப் பதிவிலாகாவில் மைகார்டு முகவரியை மாற்ற வேண்டும். பிறகு தேர்தல் ஆணையத்திடம் தொகுதி மாற்றத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இந்த வரிசை முக்கியம்: மைகார்டு பழைய முகவரியில் இருந்தால் விண்ணப்பம் ஏற்கப்படாது. விண்ணப்பித்த பெயர் துணை வாக்காளர் பட்டியலில் வந்து, ஆட்சேபக் காலம் முடிந்த பிறகுதான் உறுதியாகும். ஆகவே தேர்தல் அறிவிப்பு வரும்வரை காத்திருந்தால் பிறைக்கே போய் வாக்களிக்க வேண்டிவரும். ஆணையத்தின் 'மைஎஸ்பிஆர் செமாக்' பக்கத்தில் அடையாள அட்டை எண்ணை இட்டுச் சரிபாருங்கள்.

இன்னொன்றும் பாருங்கள். முகவரியில் செராஸ் என்று இருந்தாலும் பத்து 9, பத்து 11 போன்ற பகுதிகள் சிலாங்கூரைச் சேர்ந்தவை. அங்கே குடியிருந்தால் உங்களுக்குச் சட்டமன்ற வாக்கும் உண்டு; எல்லைக்கு இந்தப் பக்கம், கோலாலம்பூருக்குள் என்றால் கிடையாது.