ரங்கூன் கிட்டங்கியும் ஐரோப்பிய பாஸ்போர்ட்டும்

வணக்கம். என் பேத்தி ஜெர்மன் குடியுரிமை வாங்கிவிட்டாள். 'இனி நான் ஐரோப்பியக் குடிமகள், நாடெல்லாம் பழைய கதை' என்கிறாள். எங்கள் ஐயா ரங்கூனில், செட்டியார்கள் சேர்ந்து தங்கித் தொழில் நடத்திய கிட்டங்கியில் இருந்து கொண்டுவித்தவர், அதாவது வட்டித்தொழில் செய்தவர். நாடு தாண்டிய குடியுரிமை நமக்கென்ன புதிதா?
– ஒரு வாசகர், தேவகோட்டை

அன்புள்ள நண்பருக்கு,

பேத்திக்கு வாழ்த்து. ஆனால் நாடு அவ்வளவு சுலபமாகப் பழைய கதை ஆகிவிடாது. ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்கிய மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தோடு 1993-இல் வந்த ஐரோப்பியக் குடியுரிமையைத் தனியாக வாங்க முடியாது. உறுப்பு நாடு ஒன்றின் குடிமகளாக இருந்தால் அதுவும் கூடவே வரும், அது போனால் இதுவும் போகும். 2020-இல் பிரிட்டன் வெளியேறியதும் அந்நாட்டவர் ஒரே இரவில் இதை இழந்தார்கள்.

உங்கள் ஐயா தேவகோட்டைக்காரர் என்றால் பிரிட்டிஷ் பிரஜை. கோனாபட்டு, ராயவரத்துக்காரர்கள் புதுக்கோட்டை சமஸ்தானத்துக் குடிகள். சட்டப்படி பிரிட்டிஷ் பிரஜைகளே அல்ல, 'பாதுகாப்புக்கு உட்பட்டவர்கள்' மட்டும். ஒரே கிட்டங்கியில் படுத்தெழுந்தவர்களுக்குள் இப்படி இரண்டு தகுதி! வட்டிக்கணக்கு ஓடியவரை யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. 1937-இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது. விடுதலை பெற்ற 1948-லேயே நிலத்தை அரசுடைமையாக்கச் சட்டம் போட்டது. கடன் திரும்பாமல் கீழ்பர்மா நெல்வயலில் ஏறக்குறைய கால்பங்கு நம் செட்டியார்கள் கைக்கு வந்திருந்த காலம் அது. பர்மிய விவசாயி பக்கம் நின்று பார்த்தால், அந்தச் சட்டத்தை அநியாயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பேரரசு கலைந்தபோது, 'அங்கே என் தகுதி என்ன?' என்று முறையிட ஐயாவுக்கு இரு நாட்டுக்கும் பொதுவான நீதிமன்றம் ஒன்று இல்லை. பேத்திக்கு லக்ஸம்பர்கில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் இருக்கிறது. தன்மேல் இருந்த குற்ற வழக்கை மறைத்து ஜெர்மன் குடியுரிமை வாங்கிய ஆஸ்திரியக்காரர் ஒருவரின் வழக்கில் 2010-இல் அது ஒன்று சொன்னது: பறிக்கலாம், ஆனால் ஐரோப்பியக் குடியுரிமையும் சேர்ந்து போவதால் அந்தத் தண்டனை குற்றத்துக்குத் தகுந்ததா என்று பார்க்க வேண்டும். 2025-இல் மால்டா காசுக்குப் பாஸ்போர்ட் கொடுத்த திட்டத்தையே சட்டவிரோதம் என்றது. அரசுகள் எழுதிக் கொடுக்காத அதிகாரத்தை நீதிமன்றம் வழக்கு வழக்காக எடுத்துக்கொண்டிருக்கிறது. எனக்குப் புதிதாகத் தெரிவது இதுதான்.

அப்புறம், ஜெர்மனி இரட்டைக் குடியுரிமையை ஏற்றாலும் நம் சட்டம் ஏற்காது. இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு ஓசிஐ அட்டைக்கு (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு நம் அரசு தருவது) விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். ஓட்டு கிடையாது, வயல் விலைக்கு வாங்க முடியாது. விசா இல்லாமல் ஊருக்கு வந்து போகலாம்.