சேவை செய்ய எதற்குப் படிப்பு?

வணக்கம் ஐயா,

குடியாத்தத்தில் பி.காம். கடைசி வருடம் படிக்கிறேன். அம்மா பீடி சுற்றுகிறார். எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) சேர ஆசை. "சேவை செய்ய எதுக்குப் படிப்பு? வேலை எங்கே கிடைக்கும்?" என்கிறார் மாமா. என்ன சொல்வது?

எஸ்., குடியாத்தம்

அன்புள்ள எஸ்.,

சேவை செய்யப் படிப்பு வேண்டாம்தான். மாமா சொல்வது சரி. ஆனால் இந்தப் படிப்பு வேறு.

டயாலிசிஸுக்கு ஒரு பெண்மணி வருகிறார். ரேஷன் கார்டில் முனியம்மாள், ஆதாரில் முனியம்மா. காப்பீடு அங்கேயே முட்டி நிற்கிறது. கூட உட்கார்ந்து அழ நாலு பேர் கிடைப்பார்கள். எந்தத் தாளை எங்கே கொடுத்தால் பெயர் திருந்தும், வாரம் இரண்டு மூன்று முறை அவரை யார் கூட்டிவருவார், அன்றைய கூலி போனால் வீட்டில் உலை வைக்க என்ன வழி? இதையெல்லாம் அவர் கூனிக்குறுகாதபடி கேட்டு வாங்கத் தெரிந்த ஒருவர்தான் அங்கே தேவை. அப்படிக் கேட்க இரண்டு வருடம் பழக்குகிறார்கள்.

வேலைக்கு நம் பக்கத்தில் குறைவில்லை. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் பாகாயம் மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பத்தாரும் தங்குவது பல காலத்து வழக்கம். அந்தக் குடும்பங்களிடம் பேச ஆள் வேண்டும். கே.வி.குப்பத்தில் சி.எம்.சி.யின் ரூசா என்ற கிராம நலப் பிரிவு 1977 முதல் வேலை செய்கிறது. ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளும் உண்டு. பெரிய தொழிற்சாலை என்றால் தொழிலாளர் நல அலுவலர் கட்டாயம் என்று 1948-இலேயே தொழிற்சாலைகள் சட்டம் சொல்லிவிட்டது. சம்பளம் முதலாளி தருவார், குறையைத் தொழிலாளி சொல்வார். நடுவில் நிற்கத் தைரியம் வேண்டும். (என்னைக் கேட்டால் இருப்பதிலேயே கஷ்டமான வேலை அதுதான்.)

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் பெரும்பாலும் ஒப்பந்த வேலை. தொண்டு நிறுவனங்களில் ப்ராஜெக்ட் முடிந்தால் வேலையும் முடியும். இதை மாமாவிடம் மறைக்காதீர்கள்.

அம்மாவிடம் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருந்தால், பிள்ளைகளின் படிப்புக்கு மத்திய அரசின் உதவித்தொகை உண்டு. விண்ணப்பம் ஆன்லைனில்தான்.

அப்புறம் கல்லூரி. திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரியில் இந்தப் படிப்பு இருக்கிறது. சென்னைக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. எங்கே சேர்ந்தாலும் கட்டடத்தைப் பார்க்காதீர்கள். களப்பணிக்கு எங்கே அனுப்புகிறார்கள், எழுதிவரும் அறிக்கையை யார் உட்கார்ந்து படித்துத் திருத்துகிறார் என்று இரண்டாம் வருட மாணவிகளிடம் கேளுங்கள். "கையெழுத்து மட்டும் போடுவாங்க" என்றால் வேறு கல்லூரி பாருங்கள்.