வைஃபையும் பரிசுத்த ஆவியும் ஒன்றா?

வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: வாலிபர் கூடுகை நடத்துகிறேன். ஜெபத்தை சார்ஜருக்கும், பரிசுத்த ஆவியானவரை வைஃபைக்கும், வேதத்தை ஜிபிஎஸ்ஸுக்கும் ஒப்பிட்டுப் பேசினால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்கிறார்கள். மூப்பர் ஒருவர் மட்டும் "வேதத்தை விளையாட்டாக்காதே" என்கிறார். இயேசுவே வலையையும் விளக்கையும் வைத்துப் பேசவில்லையா ஐயா?

பதில்: பேசினார் தம்பி. வலை, விளக்கு, நுகம், எல்லாமே அந்தக் காலத்துக் கருவிகள்தான், அதனால் நவீன கருவியைப் பற்றிப் பேசுவதே தவறு என்று மூப்பர் நினைத்தால் அது சரியில்லை. ஆனால் இயேசு அந்தக் கருவிகளை வைத்து என்ன செய்தார் என்று கொஞ்சம் நின்று பாருங்கள். மத்தேயு 13-ல் வலையைப் பற்றிச் சொல்லும்போது நூல் எதற்கு ஒப்பு, முடிச்சு எதற்கு ஒப்பு என்று அவர் பிரித்து விளக்கவே இல்லை. வலையைக் கரைக்கு இழுத்து, உட்கார்ந்து, நல்லதைக் கூடையில் சேர்த்து, ஆகாததை எறிகிற ஆட்களைக் காட்டினார். விளக்கு உவமையும் அப்படித்தான், விளக்கைக் கொளுத்திவிட்டு மரக்காலால் மூடிவைக்கிற மனிதனின் அபத்தம்தான் அங்கே விஷயம். கருவியோடு மனிதன் எப்படி நடந்துகொள்கிறான் என்பதில் அவர் கண் இருந்தது.

நாம் செய்வது நேர்மாறு. கருவியின் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு ஆவிக்குரிய அர்த்தம் ஒட்டுகிறோம். கேட்க ருசியாக இருக்கும், ஆனால் தெரியாமலே தவறான உபதேசத்தையும் சேர்த்து விற்றுவிடுவோம். வைஃபை ஒரு சக்தி, நமக்கு வேண்டும்போது இணைப்போம், வேண்டாதபோது அணைப்போம். பரிசுத்த ஆவியானவரோ ஒரு ஆள்தன்மை உள்ளவர், அவரைத் துக்கப்படுத்தாதிருங்கள் என்று பவுல் எபேசியர் 4:30-ல் எழுதுகிறார். எந்த ரவுட்டரையும் யாரும் துக்கப்படுத்திவிட முடியாது. சார்ஜர் உதாரணமும் இப்படித்தான், சார்ஜ் ஏறியதும் கழற்றிப் போட்டுவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போவோம், ஜெபத்தைப் பற்றி அதையா சொல்லித்தரப் போகிறோம்? வழி தவறினாலும் மறுபடி வழி காட்டும் என்பதால் ஜிபிஎஸ் கிருபைக்கு நல்ல உதாரணம் என்று பலர் சொல்கிறார்கள். அது போகக் கூடாத இடத்துக்கும் அதே மரியாதையோடு வழி காட்டுமே! எங்கே போகிறாய், ஏன் போகிறாய் என்று அது கேட்காது. மனந்திரும்புதல் என்பது போகிற இடத்தையே மாற்றுவது.

அப்புறம் என்ன செய்யலாம்? பிள்ளைகள் கருவியோடு வாழ்கிற வாழ்க்கையிலிருந்து தொடங்குங்கள். அனுப்பிய செய்திக்கு நீல டிக் விழுந்துவிட்டது, பதில் மட்டும் வரவில்லை, அந்த நேரத்தில் மனதில் என்ன ஓடும் என்று கேளுங்கள். ஆளுக்கொன்று சொல்வார்கள். சொல்லி முடித்ததும் சங்கீதம் 13-ஐத் திறங்கள், "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்". உறுதி செய்யாமல் ஒரு வதந்தியை ஃபார்வர்டு பண்ணுவது பொய்சாட்சி சொல்வதில் சேருமா சேராதா என்று ஒரு வாரம் முழுக்க விவாதிக்க விடுங்கள். வைஃபை உதாரணம் அரை மணி நேரம் தாங்கும், இது மாதக்கணக்கில் தாங்கும்.

1844 மே 24 அன்று வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்கு சாமுவேல் மோர்ஸ் அனுப்பிய புகழ்பெற்ற தந்தியின் வாசகம் எண்ணாகமம் 23:23-லிருந்து எடுக்கப்பட்டது, தேவன் என்னென்ன செய்தார் என்கிற பகுதி. பிறகு அதே கம்பிகளில்தான் போர்க் கட்டளைகளும் பங்குச் சந்தை விலைகளும் ஓடின. கம்பிக்கு எந்தப் பரிசுத்தமும் கிடையாது. அதில் யார் யாருக்கு என்ன சொன்னார்கள் என்பதில்தான் ஆவிக்குரிய விஷயமே இருக்கிறது, உங்கள் பிள்ளைகளின் போனுக்கும் அதே கணக்குதான்.

கேள்வி: ஆராதனையில் போனில் வேதம் வாசித்தால் மரியாதைக் குறைவா?

பதில்: இல்லை. தோல் சுருள், கையால் எழுதிய புத்தகம், அச்சுப் புத்தகம் என்று வேதம் ஏற்கெனவே பல உருவம் மாறி வந்திருக்கிறது. ஏறக்குறைய 1455-ல் லத்தீன் வேதத்தை அச்சிட்ட கூட்டன்பர்க்கின் அச்சுக்கூடம் அதே காலத்தில் சபை காசுக்குக் கொடுத்த பாவமன்னிப்புச் சீட்டுகளையும் அச்சிட்டது, அதனால் அச்சுக்கு மட்டும் தனிப் புனிதம் எதுவும் கிடையாது. வாசிக்கும்போது நோட்டிஃபிகேஷனை அணைத்து வையுங்கள், அவ்வளவுதான்.

கேள்வி: பார்கோடில் 666 ஒளிந்திருக்கிறது, க்யூஆர் கோடு அந்திக்கிறிஸ்துவின் முத்திரை என்று ஒரு வீடியோ பார்த்ததிலிருந்து கடைக்குப் போகவே பயமாக இருக்கிறது.

பதில்: சகோதரி, பயப்படாமல் போய் வாருங்கள். பொருள்களில் இப்போது நாம் பார்க்கிற பார்கோடு கடையில் முதன்முதலாக ஸ்கேன் ஆனது 1974 ஜூன் 26, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், ஒரு சூயிங்கம் பாக்கெட்டில். அதன் தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் இரண்டிரண்டு மெல்லிய கோடுகள் இருக்கும். 6 என்ற எண்ணுக்கான கோடுகளைப் போலவே அவை தெரிவதால்தான் இந்தக் கதை கிளம்பியது. அவை எண்களே அல்ல, குறியீடு எங்கே தொடங்குகிறது, எங்கே பாதியாகிறது, எங்கே முடிகிறது என்று ஸ்கேனருக்குச் சொல்லும் எல்லைக் கோடுகள். அதை வடிவமைத்த ஜார்ஜ் லாரரே இந்த 666 கதையை மறுத்திருக்கிறார். க்யூஆர் கோடு 1994-ல் ஜப்பானில், கார் உதிரிபாகங்களை அடையாளம் காண்பதற்காக வந்தது.

வலது கையிலோ நெற்றியிலோ இடப்படும் மிருகத்தின் முத்திரையையும் 666 என்ற அதன் இலக்கத்தையும் பற்றிச் சொல்கிற வெளிப்படுத்தல் 13-ஐத் தனியாகப் படிக்காதீர்கள். கையும் நெற்றியும் உபாகமம் 6:8-லேயே வந்துவிட்டன, அங்கே கையிலும் கண்களுக்கு நடுவிலும் இருக்க வேண்டியது தேவனுடைய வார்த்தை. வெளிப்படுத்தல் 14-ன் முதல் வசனத்தில் ஆட்டுக்குட்டியானவரோடு நிற்கிறவர்களின் நெற்றியில் பிதாவின் நாமம் இருக்கிறது. யாரை வணங்குகிறாய் என்பதுதான் அங்கே கேள்வி, எந்தக் கோட்டை ஸ்கேன் பண்ணினாய் என்பது அல்ல. ஒன்று மட்டும் என்னை உறுத்துகிறது. வாங்கவும் விற்கவும் கூடாதபடி மனிதரை ஒதுக்குவது பற்றி அந்த அதிகாரம் பேசுகிறது. போன் இல்லாத முதியவர், செயலி இயக்கத் தெரியாதவர் இன்று எதெதிலிருந்து ஒதுக்கப்படுகிறார் என்று அந்த வீடியோக்காரர்கள் யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

கேள்வி: தானியேல் 12:4-ல் "அறிவும் பெருகிப்போம்" என்பது இன்டர்நெட்டைத்தானே குறிக்கிறது?

பதில்: அந்த வசனத்தில் மூடி முத்திரையிடப்பட்டிருப்பது தானியேலின் புத்தகம், ஆராயப்படுவதும் அதுதான் என்பது என் வாசிப்பு. தகவல் பெருகினாலே அறிவு பெருகிவிட்டதாக எண்ணுவது வேறு கதை.

கேள்வி: மென்பொருள் எழுதுகிறேன். "உலக வேலை" என்று சபையில் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள்.

பதில்: அவர்களுக்கு யாத்திராகமம் 31-ஐ வாசித்துக் காட்டுங்கள். ஆசரிப்புக் கூடாரத்தைச் செய்த கைவினைஞன் பெசலெயேல் தேவ ஆவியால் நிரப்பப்பட்டது பிரசங்கம் பண்ண அல்ல, பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும் வேலை செய்ய, கல் வெட்ட, மரம் செதுக்க. கூடவே நீங்கள் 32-ஐயும் வாசியுங்கள். அடுத்த அதிகாரத்திலேயே பொற்கன்றுக்குட்டி வந்துவிடுகிறது, அதுவும் கைவேலைதான், அதற்கும் பொன்தான் உருகியது. பயனரை விடாமல் திரையில் பிடித்து வைக்கிற ஒரு வசதியை எழுதச் சொன்னால் அன்றைக்கு நீங்கள் எந்த அதிகாரத்தில் இருக்கிறீர்கள் என்று வெளியிலிருந்து யாரும் சொல்ல முடியாது, உங்களுக்குத் தெரியும்.

கேள்வி: யாரிடமும் சொல்ல முடியாத ஒரு பாவத்தை இரவில் ஏஐ சாட்டிடம் சொல்கிறேன். அது எனக்கு ஜெபம் எழுதித் தருகிறது, ஆறுதலாகவும் பேசுகிறது. இது தவறா?

பதில்: எழுதித் தந்த ஜெபத்தைப் படிப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. நூற்றாண்டுகளாக ஜெபப் புத்தகங்களைப் பார்த்து மக்கள் ஜெபித்திருக்கிறார்கள், சங்கீதங்களே இன்னொருவருடைய வார்த்தைகள்தான். ஆனால் வார்த்தை வராதது ஒரு குறை என்று நினைத்து அதை இயந்திரத்தால் நிரப்புகிறீர்களோ என்று தோன்றுகிறது. ரோமர் 8:26-ன்படி வார்த்தை இல்லாத இடத்தில் ஆவியானவர் பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல் செய்கிறார். பேசாமல் உட்கார்ந்திருந்தாலும் அது ஜெபம்தான்.

பாவ அறிக்கை விஷயத்தில் மட்டும் நான் உறுதியாகச் சொல்வேன், அங்கே நிறுத்துங்கள். அடுத்து எந்த வார்த்தை வர வாய்ப்பு அதிகம் என்று கணக்கிட்டுத்தான் அந்த இயந்திரம் எழுதுகிறது, உங்களுக்குப் பிடித்தபடி ஒத்து ஊதுகிற பழக்கமும் அதற்கு உண்டு. பாவத்தை மறைத்து வைத்திருந்த தாவீது ராஜாவுக்கு நாத்தான் தீர்க்கதரிசி தேவைப்பட்டார், "நீயே அந்த மனுஷன்" என்று முகத்துக்கு நேரே சொல்ல ஒருவர். சொன்னவரே "கர்த்தர் உமது பாவம் நீங்கச்செய்தார்" என்பதையும் சொன்னார், இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்ததால்தான் அதற்கு எடை. குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடுங்கள் என்கிறார் யாக்கோபு. இணையத்தில் திருவருட்சாதனங்கள் (பாவ அறிக்கை, திருவிருந்து போன்ற சடங்குகள்) இல்லை என்று கத்தோலிக்கத் திருச்சபையும் 2002-லேயே ஓர் ஆவணத்தில் சொல்லிவிட்டது. இன்னொன்று, நீங்கள் தட்டச்சு செய்கிற அந்த ரகசியம் ஏதோ ஒரு நிறுவனத்தின் சர்வரில் உட்கார்ந்திருக்கலாம். போதகரோ, குருவோ, வாய் காக்கிற ஒரு மூத்த விசுவாசியோ, ஒரே ஒருவரைத் தேடுங்கள். முதல் வாக்கியம்தான் கஷ்டம். அதை வேண்டுமானால் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.

கேள்வி: படுக்கையில் இருக்கும் அம்மாவுக்காக ஞாயிறு ஆராதனையை நேரலையில் போடுகிறேன். இப்போது நானும் அதோடு நிறுத்திக்கொண்டேன். போதாதா?

பதில்: அம்மாவுக்கு அது பெரிய கொடை, குற்ற உணர்வே வேண்டாம். உங்களுக்குப் போதாது. கடிதம்தான் யோவான் கையிலிருந்த தொழில்நுட்பம், அவரே இரண்டாம் நிருபத்தின் முடிவில் காகிதத்தினாலும் மையினாலும் எழுத மனதில்லை, நேரில் வந்து முகமுகமாய்ப் பேச நம்பியிருக்கிறேன் என்கிறார், ஆனாலும் அந்தக் கடிதத்தை எழுதாமல் விடவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொள்ள அந்த ஒரு வேளைக்கு யாராவது கிடைத்தால் நீங்கள் போய் வாருங்கள், கிடைக்காவிட்டால் சபையிலிருந்தே ஒருவரை அனுப்பச் சொல்லுங்கள். திருவிருந்தை வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவுக்குக் கொடுக்க முடியுமா என்றும் போதகரிடம் கேளுங்கள். யாரும் கேட்காததாலேயே இது நடக்காமல் போகிற சபைகள் இருக்கின்றன.