புயல் மழையில் தாமதமான பார்சல்: பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: கிறிஸ்துமஸுக்காக ஆன்லைனில் தையல் மெஷின் வாங்கினேன். 20ஆம் தேதிக்குள் வரும் என்று போட்டிருந்தது. புயல் மழை என்று தேதியைத் தள்ளிக்கொண்டே போனார்கள். மழை விட்டதும், 'வீட்டில் ஆள் இல்லை' என்று மெசேஜ் வந்தது. அன்று முழுக்க வீட்டில்தான் இருந்தோம். ரத்து செய்து பணத்தைக் கேட்கலாமா?
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: தாராளமாகக் கேட்கலாம். சொன்ன தேதியைத் தாண்டி வந்த பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ளவோ பணத்தைத் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது என்கின்றன 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள். இயற்கைச் சீற்றம் போல யார் கையிலும் இல்லாத காரணத்தால் தாமதமானால் மட்டும் விலக்கு உண்டு.

புயல் நாளுக்கு அந்த விலக்கு நியாயம்தான். 2024இல் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு விழுப்புரம் பக்கம் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையிலேயே வெள்ளம் ஓடியது. அன்று லாரி வரவில்லை என்று சண்டை போட முடியாது. ஆனால் உங்களுக்கு வந்த மெசேஜைப் பாருங்கள். 'ஆள் இல்லை' என்றால், வண்டி உங்கள் வாசல் வரை வந்ததாக அவர்களே சொல்கிறார்கள். அப்புறம் மழையை எப்படிக் காரணம் காட்டுவார்கள்? இதைத்தான் நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டும்.

முதலில் தேதி போட்ட ஆர்டர் பக்கத்தையும் அந்த மெசேஜையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அன்று டெலிவரி ஆளிடமிருந்து போன் வரவில்லை என்றால் கால் பட்டியலையும் சேருங்கள். பிறகு நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அசையவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் செய்யுங்கள். அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணமும் இல்லை. இதற்கிடையில் பார்சல் வந்துவிட்டால் பிரித்துத் தைக்க உட்கார்ந்துவிடாதீர்கள், வாங்காமல் திருப்பி அனுப்புங்கள்.

டெலிவரி தம்பியிடம் கத்துவதில் பயனில்லை. பணத்தைத் திருப்பித் தரும் அதிகாரம் அவர் கையில் இல்லை.

கேள்வி: பிரான்சில் இருக்கும் மகனுக்குப் பலகாரம் அனுப்ப வேண்டும். அங்கே பனிப்பொழிவால் தாமதமானால் கூரியர்காரர் பொறுப்பா?
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: பனியால் விமானம் நின்றால் பெரும்பாலும் பொறுப்பேற்க மாட்டார்கள். ரசீதின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அதை எழுதியிருப்பார்கள், பணம் கட்டும் முன்பே படியுங்கள். டிசம்பர் கடைசி வரை காத்திருக்காமல் மாதத் தொடக்கத்திலேயே அனுப்புவது நல்லது. பால்கோவா, நெய் வேண்டாம். பால் பொருள்களையும் இறைச்சியையும் பார்சலில் அனுப்ப ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை இருக்கிறது. முறுக்கு, பருப்புப் பொடி போதும்.

இன்னொன்று. 'பார்சல் நின்றுவிட்டது, முகவரியைச் சரிசெய்யச் சிறு தொகை கட்டுங்கள்' என்று லிங்க் வந்தால் தொடாதீர்கள். கூரியர் நிறுவனத்தின் தளத்துக்கு நீங்களே போய் ரசீது எண்ணைப் போட்டுப் பாருங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குச் சொல்லுங்கள்.