இரும்பு அடுக்குகளும் மீகடத்திகளும்: கேள்வி பதில்

கோத்தகிரியில் மாதந்தோறும் கூடும் எங்கள் அறிவியல் வட்டத்தில் இந்த முறை மீகடத்திகளை எடுத்துக்கொண்டோம். மின்சாரத்தைத் துளியும் தடையில்லாமல் கடத்துபவை இவை. வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இரும்பு கலந்த அடுக்குப் பொருட்களைப் பற்றியே இருந்தன. அவற்றுக்கான என் பதில்கள் இங்கே.

தலைக்குந்தாவிலிருந்து ஒரு கேரட் விவசாயி: எங்கள் பக்கம் ஜனவரியில் புல்லெல்லாம் உறைபனியாக வெளுத்துவிடும். அந்தக் குளிர் போதாதா சார்?

போதாது அண்ணே. தண்ணீர் உறையும் நிலை 273 கெல்வின். இரும்பு வகை மீகடத்திகளில் கட்டியாகச் செய்யப்பட்டவற்றில் மிக உயர்ந்தது சுமார் 55 கெல்வினில்தான் வேலை செய்கிறது. அதாவது சுழிக்குக் கீழே 218 டிகிரி செல்சியஸ். அதற்கும் கீழே போனால்தான் தடை மறையும். அந்த எல்லையை மாறுநிலை வெப்பநிலை என்கிறோம்.

குன்னூர் பள்ளி ஆசிரியை: காந்தம் மீகடத்தலைக் கெடுக்கும் என்று படித்தேன். அப்படியானால் இரும்பு எப்படி உள்ளே வந்தது?

நல்ல கேள்வி டீச்சர். உலகமே அப்படித்தான் நினைத்தது. சுத்த இரும்பைக் கடுமையாக அழுத்தினால் 2 கெல்வின் அளவில் மீகடத்தியாகிறது என்று 2001-இல் தெரிந்தும், அதை ஒரு விநோதமாகவே பார்த்தார்கள். 2008-இல் ஜப்பானில் ஹிடியோ ஹொசோனோவின் குழு, லாந்தனம், இரும்பு, ஆர்செனிக், ஆக்சிஜன் சேர்ந்த ஒரு பொருளில் ஆக்சிஜனில் கொஞ்சத்தை எடுத்துவிட்டு ஃபுளோரினை வைத்தது. 26 கெல்வின் கிடைத்தது. அந்தக் குழு முதலில் தேடியது மீகடத்தியை அல்ல, ஒளி ஊடுருவும் குறைக்கடத்திகளை. எனக்கு இன்றும் சிலிர்ப்பூட்டும் விஷயம் இது.

காந்தம் பற்றி நீங்கள் கேட்டதுக்கு வருகிறேன். ஃபுளோரின் சேர்க்காத மூலப்பொருள் சுமார் 140 கெல்வினுக்குக் கீழே காந்த ஒழுங்குக்குப் போகிறது: பக்கத்துப் பக்கத்து இரும்பு அணு வரிசைகளின் காந்தம் எதிரெதிர் திசை பார்க்கும். அந்த ஒழுங்கைக் கலைத்த பிறகுதான் மீகடத்தல் தலைகாட்டுகிறது. மீகடத்தியில் தடையில்லாமல் ஓடுபவை ஜோடி சேர்ந்த எலக்ட்ரான்கள். கலைந்த பிறகும் மிஞ்சும் காந்தத் துடிப்புகளே அவற்றை ஜோடி சேர்க்கின்றன என்பது பலர் ஏற்கும் கருத்து. முழுமையான கோட்பாடு இன்னும் கைகூடவில்லை.

ஊட்டிக் கல்லூரி மாணவி: சரி, வெப்பநிலையை எப்படி ஏற்றுகிறார்கள்?

நம்மூர் வர்க்கியைப் பிட்டால் தாள் தாளாக வருமே, அப்படித்தான் இந்தப் பொருள். இரும்பு-ஆர்செனிக் தாள் ஒன்று, அதன் மேல் லாந்தனம்-ஆக்சிஜன் தாள் ஒன்று, மறுபடி இரும்புத் தாள். மின்சாரம் ஓடுவது இரும்புத் தாளில். மற்றத் தாள் எலக்ட்ரான்களைக் கொடுத்து உதவும்.

இதில் நாம் மாற்றக்கூடியவை பல. ஃபுளோரின் சேர்ப்பது ஒன்று. அழுத்துவது இன்னொன்று: 26 கெல்வின் பொருளை வளிமண்டலத்தைப் போல் ஏறத்தாழ 40,000 மடங்கு அழுத்தினால் 43 கெல்வின் வரை போகிறது. இதே வேலையைக் கருவியில்லாமலும் செய்யலாம். லாந்தனத்துக்குப் பதில் அதைவிடச் சிறிய சமேரியம் அணுவை வைத்தால் படிகம் உள்ளிருந்தே சுருங்கும். சீன விஞ்ஞானிகள் அப்படித்தான் அதே 2008-இல் 55 கெல்வினைத் தொட்டார்கள்.

ஆனால் வெறும் சுருக்கம் மட்டும் காரணமில்லை. இன்னும் சிறிய அணுக்களை வைத்துப் பார்த்தார்கள், மேலே ஏறவில்லை. ஒவ்வொரு இரும்பு அணுவையும் நான்கு ஆர்செனிக் அணுக்கள் நான்முகியாகச் சூழ்ந்திருக்கின்றன. அந்த நான்முகி ஒழுங்காக, ஆர்செனிக்-இரும்பு-ஆர்செனிக் கோணம் 109.5 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும்போது மாறுநிலை வெப்பநிலை உச்சத்தில் இருப்பதை அளவீடுகள் காட்டின. லாந்தனப் பொருளில் கோணம் கொஞ்சம் விரிந்திருக்கிறது. சமேரியத்தில் அது சரியான கோணத்தை நெருங்குகிறது. என்னைப் பொறுத்தவரை இந்தத் துறையின் மிக அழகான பாடம் இந்தக் கோணம்தான். பல பேர் எத்தனை கெல்வின் என்பதை மட்டும் பார்த்துவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள்.

அதே மாணவி: ஃபுளோரினை இன்னும் அதிகமாகச் சேர்த்தால்?

மாறுநிலை வெப்பநிலை ஒரு மேடு போல ஏறி இறங்கிவிடும் அம்மா. அளவு மிஞ்சினால் மீகடத்தல் குறைகிறது. ஆனால் ஃபுளோரினுக்குப் பதில் ஹைட்ரஜனைப் போட்டபோது இன்னும் நிறையச் சேர்க்க முடிந்தது. அப்போது இரண்டாவதாக ஒரு மேடு தெரிந்தது, உச்சி 36 கெல்வின். முதல் மேட்டோடு கதை முடிந்தது என்று நினைத்தவர்கள் மறுபடி யோசிக்க வேண்டியதாயிற்று.

கொடைக்கானலிலிருந்து ஒரு வாசகர்: ஆர்செனிக் விஷமாயிற்றே. அது இல்லாமல் முடியாதா?

முடியும். இரும்பும் செலினியமும் மட்டும் சேர்ந்த பொருள் இருக்கிறது. சாதாரணமாக 8 கெல்வின்தான், அழுத்தினால் 37 வரை போகும். அதைவிட வியப்பு: ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் என்ற படிகத்தின் மேல் ஒரே ஒரு அடுக்காகப் படியவைத்தால், 65 கெல்வினுக்குப் பக்கத்திலேயே மீகடத்தலின் அடையாளம் தெரிகிறது. சீனாவில் 2012-இல் தொடங்கிய வேலை இது. அடியிலுள்ள படிகம் எலக்ட்ரான்களைக் கொடுக்கிறது. அதன் அணு அதிர்வுகளும் உதவுகின்றனவா என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. 100 கெல்வினைத் தாண்டியதாகவும் ஒரு அறிக்கை வந்தது. மற்றவர்கள் திரும்பச் செய்து காட்டாதவரை நான் அதைக் கணக்கில் எடுக்கமாட்டேன்.

குன்னூரில் ஒரு ஸ்கேன் மையத்தில் வேலை பார்ப்பவர்: செம்பு வகை மீகடத்திகள் 130 கெல்வினைத் தாண்டிவிட்டனவே. பிறகு இரும்பு எதற்கு?

உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் தம்பி. பெரும்பாலான எம்ஆர்ஐ இயந்திரங்களின் காந்தச் சுருள் நியோபியம்-டைட்டானியம் கம்பி. அது 9 கெல்வினில் நின்றுவிடும், திரவ ஹீலியம் வேண்டும். செம்பு வகையில் படிகத் துகள்கள் கொஞ்சம் கோணல்மாணலாகச் சேர்ந்தாலே மின்னோட்டம் விழுந்துவிடும், அதனால் கம்பி செய்வது பெரும்பாடு. பேரியம், பொட்டாசியம், இரும்பு, ஆர்செனிக் சேர்ந்த வகை 38 கெல்வின்தான், ஆனால் இந்தக் கோணலை அதிகம் பொறுத்துக்கொள்ளும். கடுங்குளிரில் 50 டெஸ்லாவுக்கு மேலான காந்தப்புலத்தையும் தாங்கும். பொடியை வெள்ளிக் குழாயில் அடைத்து இழுத்தே கம்பி செய்கிறார்கள். பேரியத்துக்குப் பதில் ஸ்ட்ரான்சியம் உள்ள இதே வகையில், சீனாவில் 2016-இல் 100 மீட்டர் நீளத்துக்குச் செய்துவிட்டார்கள்.

அரவேணுவிலிருந்து பிளஸ் டூ மாணவர்: பள்ளியில் செய்து காட்ட முடியுமா சார்? பின்னால் இதைப் படிக்க என்ன வழி?

இரும்பு வகை வேண்டாம் தம்பி. ஆர்செனிக் பொருளைப் பாதுகாப்புப் பெட்டிக்குள்ளும் மூடிய குவார்ட்ஸ் குழாயிலும்தான் கையாள்வார்கள். திரவ நைட்ரஜனின் 77 கெல்வினில் இது வேலையும் செய்யாது. இட்ரியம்-பேரியம்-செம்பு ஆக்சைடு வில்லை ஒன்று வாங்கினால், திரவ நைட்ரஜனில் குளிரவைத்து அதன் மேல் காந்தம் மிதப்பதை ஆசிரியர் துணையோடு காட்டலாம்.

படிக்க வேண்டுமென்றால் பிஎஸ்சி இயற்பியலில் சேருங்கள், வேதியியலைக் கைவிடாதீர்கள். நல்ல படிகம் வளர்க்கத் தெரிந்தவர்களால்தான் இந்தத் துறை நகர்கிறது. அப்புறம், கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் இதே இரும்பு-ஆர்செனிக் பொருட்களை அழுத்தத்தில் வைத்து ஆராய்ந்திருக்கிறார்கள். கல்லூரி வந்ததும் அங்கே கோடைகாலப் பயிற்சி கிடைக்குமா என்று எழுதிக் கேளுங்கள்.