சாண்டா எலெனா கேன்யனில் ஒரு நாள் கனூ பயணம்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

டெக்சஸின் தென்மேற்கு மூலையில், மெக்சிகோ எல்லையை ஒட்டிக் கிடக்கும் பாலைவனம் பிக் பெண்ட் தேசியப் பூங்கா. அங்கே ரியோ கிராண்டே ஆறு சுண்ணாம்புக்கல் மலையை அறுத்துக்கொண்டு போகிற ஆழமான பள்ளத்தாக்குதான் சாண்டா எலெனா கேன்யன். வழிகாட்டியோடு மூன்று முறை கனூவில், அதாவது துடுப்புப் போடும் ஒடுக்கமான படகில், அதற்குள் போயிருக்கிறேன். வந்த கேள்விகளில் ஒன்றுபோல இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

எனக்கு நீச்சல் தெரியாது அண்ணா. வரலாமா?

தாராளமாக வரலாம். தண்ணீர் குறைவான நாட்களில் பல இடங்களில் முழங்கால் ஆழம்தான், சில இடங்களில் இடுப்பளவு. லைஃப் ஜாக்கெட்டைக் கடைசிவரை கழற்றாதீர்கள். நீச்சல் தெரியாது என்பதை முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. உண்மையில் அங்கே தொல்லை தருவது ஆழம் இல்லை, சேறு. கரையில் இறங்கினால் கணுக்கால்வரை புதையும். ரப்பர் செருப்பு போட்டுப் போனால் ஒன்று ஆற்றுக்கே சொந்தம்.

ஒரே நாளில் கேன்யன் முழுவதையும் கடக்க முடியுமா?

லஹீட்டாஸ் என்ற ஊரில் படகை இறக்கி, கேன்யனின் வாய்ப் பக்கம், அதாவது ஆறு கேன்யனை விட்டு வெளியேறும் முனையில், கரையேறினால் சுமார் 20 மைல். தண்ணீர் நன்றாக ஓடினால் பலசாலிகள் ஒரே நாளில் முடிப்பார்கள். பெரும்பாலானவர்கள் நடுவில் ஒரு ராத்திரி தங்குவார்கள். அந்த வழியில், கேன்யனுக்குள் நுழைந்த கொஞ்ச தூரத்தில் ‘ராக் ஸ்லைடு’ வரும். வீட்டளவு பாறைகள் சரிந்து ஆற்றை அடைத்துக் கிடக்கும் இடம். 1899-ல் ராபர்ட் ஹில் என்ற நிலவியலாளர் குழுவோடு இந்த ஆற்றில் வந்தபோது, படகுகளையும் சாமான்களையும் அந்தப் பாறைகளுக்கு மேலே தூக்கிக் கடத்தவே மூன்று நாள் ஆனதாம். தங்கிய இடத்துக்கு ‘துன்ப முகாம்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

முதல் முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது ‘பூமராங்’ பயணம். கேன்யனின் வாயிலேயே படகை இறக்கி, நீரோட்டத்துக்கு எதிராக உள்ளே போய், மதியம் சாப்பிட்டுவிட்டு அதே வழியில் திரும்புவது. ராக் ஸ்லைடு பக்கமே போக வேண்டாம். ஆனால் 1,500 அடி சுவர்கள் இருபுறமும் நிற்பதைப் பார்த்துவிடலாம்.

எதிர்நீரோட்டத்தில் துடுப்புப் போட்டால் கை போய்விடாதா?

தோள் வலிக்கும், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பாறைக்குப் பின்னாலும் வளைவின் உள்பக்கத்திலும் தண்ணீர் தேங்கி, லேசாக மேல்நோக்கியே சுழலும். வழிகாட்டி ஒரு தேக்கத்திலிருந்து அடுத்த தேக்கத்துக்குத் தாவித் தாவிக் கூட்டிப்போவார். ஓட்டம் வேகமான ஆழமில்லாத இடத்தில் எல்லோரும் இறங்கிப் படகை இழுக்க வேண்டியதுதான். குழந்தைகளுக்கு இதுதான் ரொம்பப் பிடிக்கும்.

தம்பதியாக ஒரே கனூவில் போனால் சண்டை வரும் என்கிறார்களே?

வரும். பின்னால் இருப்பவர்தான் படகைத் திருப்புகிறார், முன்னால் இருப்பவர் தாளத்தையும் பாறையையும் பார்க்கிறார். இரண்டு பேரும் எதிரெதிர்ப் பக்கம் துடுப்புப் போட வேண்டும். இதைக் கரையிலேயே பேசி முடித்துவிடுங்கள். நாங்கள் பேசவில்லை. பாறையைப் பார்த்ததும் இருவரும் ஒரே பக்கம் சாய்ந்தோம், கவிழ்ந்தது. கவிழ்ந்தால் படகுக்கும் பாறைக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளக் கூடாது. படகுக்கு நீரோட்டம் வரும் பக்கத்தில் இருங்கள். ஓட்டம் இழுத்தால் மல்லாந்து, காலை முன்னால் நீட்டி மிதந்து போங்கள்.

எந்த மாதம் நல்லது? தண்ணீர் எப்போதும் இருக்குமா?

அக்டோபர் கடைசியிலிருந்து மார்ச் வரை. கோடையில் 40 டிகிரியைத் தாண்டும், வேண்டாம். குளிர்காலத்தில் கேன்யனுக்குள் வெயில் கொஞ்ச நேரம்தான் எட்டிப்பார்க்கும். நனைந்தால் நடுங்கிவிடுவீர்கள், அதனால் மாற்றுத் துணி ஒன்று நீர்புகாப் பையில் கட்டாயம். மார்ச் வாக்கில் மதியக் காற்று வேறு முகத்தில் அடிக்கும்.

தண்ணீர் விஷயம் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். ஆற்றின் மேல்பகுதியில், அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலம், எல் பாசோ நகரப் பகுதிகளிலேயே ரியோ கிராண்டே பாசனத்துக்குப் போய் வற்றிவிடுகிறது. பிக் பெண்டில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து வந்து சேரும் கோன்சோஸ் ஆற்றின் தண்ணீர். அங்கே மழை குறைந்தாலோ அணையில் நீரை நிறுத்தினாலோ இங்கே மணல்தான். 2022 வசந்தத்தில் சாண்டா எலெனாவுக்குள் ஆறு வற்றியே போனது. மாறாக, ஜூலை முதல் செப்டம்பர் வரை உங்கள் தலைக்கு மேலே ஒரு மேகம் இல்லாவிட்டாலும், எங்கோ பெய்த மழையால் ஆறு பொங்கிவரும். ஆகவே பணம் கட்டும் முன் ‘தண்ணீர் மட்டத்தைப் பொறுத்துத் திட்டம் மாறினால் என்ன செய்வீர்கள்?’ என்று கேளுங்கள். நேராகப் பதில் சொல்லாத நிறுவனத்தை விட்டுவிடுங்கள்.

நான் ஹெச்-1பி வேலை விசாவில் இருக்கிறேன். ஏதாவது சிக்கல் வருமா?

பூங்காவிலிருந்து வடக்கே திரும்பும் சாலைகளில் எல்லைக் காவல் சோதனைச் சாவடி உண்டு. பாஸ்போர்ட், விசா, ஐ-94 (அமெரிக்காவுக்குள் நுழைந்ததற்கான பதிவு) எல்லாம் காரிலேயே இருக்கட்டும். வீட்டு அலமாரியில் இருந்து பயனில்லை.

ஆற்றைப் பொறுத்தவரை, அதன் நடுவில்தான் எல்லை. உள்ளே போகும்போது வலது சுவர் டெக்சஸ், இடது சுவர் மெக்சிகோ. படகு அன்றைக்கு நூறு தடவை எல்லை தாண்டும், யாரும் கேட்பதில்லை. ஆனால் மெக்சிகோ கரையில் கால் வைப்பது வேறு விஷயம். பூங்காவுக்குள் சட்டப்படி கடக்கும் இடம் போக்கியாஸ் மட்டும்தான்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

முன்கூட்டிச் சொன்னால் கிடைக்கும், ரொட்டியும் காய்கறியும்தான். நான் புளிசாதம் கட்டிப்போவேன், கூட வந்தவர்களும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். ஆற்று நீரைக் குடிக்காதீர்கள். ஆளுக்கு நாலு லிட்டர் தண்ணீர்.

நாயைக் கூட்டி வரலாமா?

முடியாது. பூங்காவின் நடைபாதையிலும் ஆற்றிலும் நாய்க்கு அனுமதி இல்லை.

போட்டோவுக்கு எந்த நேரம் நல்லது?

கேன்யனின் வாய் கிழக்கே பார்த்திருக்கிறது. காலை வெயில் நேராக உள்ளே விழும், மதியத்துக்கு மேல் எல்லாம் நிழல். ஆகவே வண்டியை இருட்டிலேயே கிளப்புங்கள். போனைக் கயிறு போட்டுக் கழுத்தில் கட்டுங்கள். என்னுடையது அந்தச் சேற்றில்தான் இன்னும் இருக்கிறது.