தினசரி ஓட்டத்துக்கு ஹைபிரிட் கார் கட்டுபடியாகுமா?

கேள்வி: சேலம் கன்னங்குறிச்சியில் வீடு, சூரமங்கலத்தில் அலுவலகம். போய்வர தினமும் 22 கிலோமீட்டர். மாதம் ஒருமுறை ஏற்காட்டில் மாமியார் வீடு, அவ்வப்போது ஆத்தூரில் அம்மா வீடு. எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 10,000 கிலோமீட்டர் வரும். ஒரே காரில் பெட்ரோல் ஆட்டோமேட்டிக், ஹைபிரிட் இரண்டுக்கும் விலை கேட்டேன். ஹைபிரிட் ஆன்ரோடில், அதாவது வரி, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து, 2,80,000 ரூபாய் கூடுதல். "பெட்ரோல் மிச்சத்திலேயே மூன்று வருடத்தில் எடுத்துவிடலாம் மேடம்" என்கிறார்கள். நம்பலாமா சார்?

பதில்: மூன்று வருடத்தில் வராதம்மா. உங்கள் ஓட்டத்துக்கு ஏழரை வருடத்துக்கு மேல் ஆகும். கணக்கைக் கீழே போடுகிறேன், நீங்களே ஒருமுறை சரிபாருங்கள்.

ஹைபிரிட் என்றால் பெட்ரோல் இன்ஜினோடு பேட்டரியில் ஓடும் மோட்டாரும் உள்ள கார். முதலில் மைலேஜ். மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர் ஹைபிரிட்டுகளுக்கு லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர் என்று விளம்பரத்தில் பார்த்திருப்பீர்கள். அது பொய் இல்லை. ஆனால் ஆய்வகத்தில், உருளையின் மேல் சக்கரத்தைச் சுழலவிட்டு எடுத்த எண். அங்கே மே மாத வெயிலும் இல்லை, அஸ்தம்பட்டி ரவுண்டானாவும் இல்லை. ஊருக்குள் ஏசி போட்டு ஓட்டினால் ஹைபிரிட்டுக்கு 21, சாதாரண ஆட்டோமேட்டிக்குக்கு 12 என்று வைத்துக்கொள்வோம். ஹைபிரிட்டுக்குச் சாதகமாகவே வைத்திருக்கிறேன். பெட்ரோல் லிட்டர் 102 ரூபாய்.

10,000 கிலோமீட்டருக்கு சாதாரண கார் 833 லிட்டர் குடிக்கும், ஹைபிரிட் 476 லிட்டர். மிச்சம் 357 லிட்டர், அதாவது வருடத்துக்கு ஏறக்குறைய 36,400 ரூபாய், மாதம் 3,030. இப்போது அந்த 2,80,000 ரூபாயைக் கடனில் போடுகிறீர்கள் என்று வையுங்கள். 9 சதவீத வட்டி, ஏழு வருடம் என்றால் அந்தக் கூடுதல் தொகைக்கு மட்டும் மாதத் தவணை சுமார் 4,500 ரூபாய். பெட்ரோலில் 3,030 மிச்சம் பிடித்து, வங்கிக்கு 4,500 கட்டுவீர்கள். ஏழு வருடத்தில் வட்டியாக மட்டும் 98,000 ரூபாய் போயிருக்கும். ஷோரூமில் யாரும் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவதில்லை. அதுதான் எனக்கு வருத்தம்.

அந்த 2,80,000 எப்படி வந்தது என்பதையும் கொஞ்சம் பாருங்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையிலான காருக்கு சாலை வரி 18 சதவீதம். எக்ஸ் ஷோரூம் விலையில், அதாவது சாலை வரியும் இன்ஷூரன்ஸும் சேர்க்காத விலையில், வித்தியாசம் 2,30,000 என்றால் அதன்மேல் விழும் சாலை வரி மட்டுமே 41,400 ரூபாய். உத்தரப் பிரதேசத்தில் 2024 ஜூலையில் ஹைபிரிட்டுக்கு வரியைத் தள்ளுபடி செய்தார்கள். அந்தக் கணக்கை வைத்துப் போட்ட வீடியோவைப் பார்த்துவிட்டு இங்கே விலை கேட்கப் போகாதீர்கள். ஜிஎஸ்டியிலும் இந்த அளவுக் காருக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம், மின்சாரக் காருக்கு 5 சதவீதம். சலுகை என்று பார்த்தால் தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸில் 7.5 சதவீதம் குறையும். உங்கள் காருக்கு அது வருடம் 250 ரூபாய் சொச்சம்.

சரி, ஹைபிரிட்டே வேண்டாமா? அப்படிச் சொல்ல மாட்டேன். போன மாதம் நண்பர் ஒருவரின் ஹைபிரிட்டில் சாரதா கல்லூரி சாலை வழியாக ஐந்து ரோடு வரை வந்தேன். காலை ஒன்பதரை மணி. முன்னால் டவுன் பஸ், இரண்டு பக்கமும் ஸ்கூட்டர். அவர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலைத் தூக்கியதும் இன்ஜின் நின்றுவிட்டது. ஏசி மட்டும் ஜில்லென்று வந்துகொண்டிருந்தது. பத்தடி நகர்கிறது, நிற்கிறது, மறுபடி பத்தடி. அத்தனையும் மோட்டாரிலேயே. சிக்னலில் நீண்ட நேரம் நின்றபோது பேட்டரி இறங்கி இன்ஜின் தானாக உயிர்பெற்றது. ஏசியை இழுப்பதும் அதே பேட்டரிதானே. ஓரிரு நிமிடத்தில் மறுபடி அமைதி. தினமும் இந்த நெரிசலில் ஒரு மணி நேரம் உட்காருகிறவர்களுக்கு அந்த அமைதியின் அருமை தெரியும். அதற்காக வாங்குகிறேன் என்றால் தாராளமாக வாங்குங்கள். மிச்சம் பிடிக்க என்றால் வேண்டாம்.

டவுனுக்குள்ளேயே நாலைந்து மருத்துவமனைக்குப் போய்வரும் டாக்டர், வாடகைக் கார் ஓட்டுகிறவர் போல வருடம் 18,000 கிலோமீட்டர் நெரிசலிலேயே ஓடுபவருக்குக் கணக்கு மாறும். அவருக்கு வருடம் 65,000 ரூபாய்க்கு மேல் மிச்சம், நாலேகால் வருடத்தில் போட்ட பணம் வந்துவிடும்.

ஒன்று செய்யுங்கள். டெஸ்ட் டிரைவை ஷோரூம்காரர் காட்டும் பைபாஸில் எடுக்காதீர்கள். நீங்கள் அலுவலகம் போகும் அதே நேரத்தில், அதே வழியில், ட்ரிப் மீட்டரை பூஜ்யமாக்கிவிட்டு ஓட்டிப் பாருங்கள். இரண்டு காரையும். ஏற்காட்டிலிருந்து காபி, மிளகு என்று மூட்டை கட்டிக் கொடுத்தனுப்பும் மாமியார் என்றால் டிக்கியையும் திறந்து பாருங்கள். கிராண்ட் விட்டாராவில் சாதாரண காருக்கு 373 லிட்டர், ஹைபிரிட்டில் பேட்டரிக்கு இடம் விட்டதில் 265 லிட்டர்தான்.

கேள்வி: ஏற்காடு ஒண்டிக்கடையில் இருக்கிறேன். வாரம் மூன்று நாள் சேலம் இறங்கி ஏறுகிறேன். மலை இறங்கும்போது பேட்டரி சார்ஜ் ஆகிவிடும், அதனால் மலைவாசிகளுக்கு ஹைபிரிட்தான் லாபம் என்கிறார் அண்ணன். உண்மையா?

பதில்: உங்கள் அண்ணன் சொல்வது பாதி உண்மை. இறங்கும்போது சார்ஜ் ஆகும். ஆனால் பிடித்துவைக்கப் பாத்திரம் சிறிது.

ஈ.பி. பில்லில் வரும் யூனிட் கணக்கிலேயே சொல்கிறேன். நாலு பேர் ஏறிய கார் 1,500 கிலோ. அது 1,000 மீட்டர் உயரம் இறங்கினால் ஏறக்குறைய 4 யூனிட் ஆற்றலை விட்டுவிட்டு இறங்குகிறது. காற்றும் டயர் உராய்வும் தின்றது போகத்தான் மீதி நமக்கு. ஹைரைடர் ஹைபிரிட்டின் பேட்டரி மொத்தமே 0.76 யூனிட், முக்கால் யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதையும் அடிமட்டம் முதல் விளிம்பு வரை பயன்படுத்த கார் விடாது. ஆக, 20 கொண்டை ஊசி வளைவில் முதல் சில வளைவுகளிலேயே பேட்டரி நிரம்பிவிடும். அப்புறம் இறங்குகிற தூரமெல்லாம் வீண்தான்.

இங்கேதான் கவனம் வேண்டும். பேட்டரி நிரம்பியதும் மோட்டார் பிடித்துக்கொடுத்த இழுவை குறைந்துவிடும், கார் திடீரென்று இலகுவாக ஓடுவதுபோல் இருக்கும். பயந்து பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அடிவாரத்துக்குள் கருகல் வாடை வரும். கியர் லிவரில் 'B' என்று ஓர் இடம் இருக்கும் (பார்க்கிங்குக்கான 'P' இல்லை), மேலேயிருந்து கிளம்பும்போதே அதில் போட்டுவிடுங்கள். பெட்ரோல் செலவில்லாமல் இன்ஜினைச் சுழலவிட்டு அது காரைப் பிடித்து நிறுத்தும். சத்தம் அதிகமாகக் கேட்கும், பயப்படாதீர்கள். சாதாரண காரில் இரண்டாவது கியரில் இறங்குகிறோமே, அதே வேலைதான்.

ஏறும்போது ஹைபிரிட்டுக்குப் பெரிய சிறப்பு ஒன்றும் இல்லை. சில வளைவுகள் மோட்டார் கைகொடுக்கும், பேட்டரி தீர்ந்ததும் 1.5 லிட்டர் இன்ஜின் தனியாகத்தான் முக்கி ஏற வேண்டும். உங்கள் வீட்டில் கார் நிறுத்துமிடத்தில் பிளக் பாயின்ட் இருந்தால் மின்சாரக் காரைப் பாருங்கள். 30, 40 யூனிட் பேட்டரிக்கு அந்த மூன்று, நாலு யூனிட் ஒரு பொருட்டே இல்லை, இறங்கும்போது கிடைப்பதையெல்லாம் வாங்கி வைத்துக்கொள்ளும். ஆனால் மேலேயே முழுக்க சார்ஜ் போட்டுவிட்டு இறங்காதீர்கள், வாங்கிக்கொள்ள இடம் இருக்காது. 80 சதவீதத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: அம்மாபேட்டை. மருந்துக் கம்பெனி விற்பனைப் பிரதிநிதி. நாமக்கல், ராசிபுரம், தருமபுரி என்று வருடம் 30,000 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். அதிகம் ஓடுபவருக்கு ஹைபிரிட் லாபம்தானே?

பதில்: பலரும் தடுமாறும் இடம் இது. உங்கள் 30,000 கிலோமீட்டரில் பெரும்பகுதி நான்குவழிச் சாலை. அங்கே நின்று நின்று நகர்கிற வேலை இல்லை. அதனால் மோட்டாருக்கு வேலை குறைவு. சாதாரண கார் 18 கொடுக்கிற இடத்தில் ஹைபிரிட் 22 கொடுக்கலாம். 1,667 லிட்டருக்குப் பதில் 1,364 லிட்டர், வருடம் மிச்சம் 30,900 ரூபாய். மேலே கேட்ட கன்னங்குறிச்சி அம்மா உங்களில் மூன்றில் ஒரு பங்குதான் ஓட்டுகிறார். மிச்சம் உங்களைவிட அவருக்கு அதிகம்!

இதே அளவில் டீசல் காரையும் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். லிட்டருக்கு 20 கொடுத்தால் எரிபொருள் செலவு ஹைபிரிட்டுக்குச் சமமாக வந்துவிடும்.

கேள்வி: என் ஏழு சீட்டர் காரின் பின்னால் 'ஸ்மார்ட் ஹைபிரிட்' என்று இருக்கிறது. ஆனால் ஒருநாள்கூட மோட்டாரில் ஓடியதில்லை. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: பழுது இல்லை, அது அப்படித்தான். அதில் இருப்பது பெல்ட்டில் இணைத்த சின்ன மோட்டார். ஸ்டார்ட் செய்யும், வேகம் எடுக்கும்போது இன்ஜினுக்குக் கொஞ்சம் தோள் கொடுக்கும், தனியாகச் சக்கரத்தைச் சுழற்றாது. இதற்கும், மோட்டாரிலேயே நகரும் காருக்கும் ஹைபிரிட் என்றே பெயர் வைத்து விற்பது வாங்குபவரைக் குழப்பத்தான் செய்கிறது. சிக்னலில் இன்ஜின் நின்றதும் உங்கள் ஏசியில் வெக்கைக் காற்று வருமே, கம்ப்ரெசர் இன்ஜினோடு சேர்ந்து நிற்பதால்தான். சேலம் வெயிலில் பலர் அந்த ஸ்டார்ட்-ஸ்டாப் பட்டனை அணைத்தே வைத்திருக்கிறார்கள். புதிதாக வாங்குகிறவர்கள் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இன்ஜின் ஓடாமல் கார் நகருமா?"

கேள்வி: குகையில் இருக்கிறோம். மகன் ஹைபிரிட் வாங்கித் தந்துவிட்டு வெளிநாடு போய்விட்டான். கார் மாதக்கணக்கில் நிற்கிறது. பேட்டரி போய்விட்டால் லட்சக்கணக்கில் செலவாகும் என்று அக்கம்பக்கத்தில் பயமுறுத்துகிறார்கள்.

பதில்: பெரிய பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரன்டி கொடுக்கிறார்கள். எது முன்னால் வருகிறதோ அதுவரை. உங்கள் வாரன்டி அட்டையிலும் பார்த்துக்கொள்ளுங்கள். நிற்கிற காரில் முதலில் சாவது அது இல்லை ஐயா, சாதாரண கார்களில் இருக்கிற அதே 12 வோல்ட் பேட்டரி. அது இறங்கிவிட்டால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் கார் விழிக்காது. வாரம் ஒருமுறை 'ரெடி' விளக்கு எரியும்படி ஆன் செய்து அரை மணி நேரம் ஓட்டுங்கள், அல்லது தெரிந்தவரை ஓட்டச் சொல்லுங்கள். ஓட்டும்போது பின் சீட்டுப் பக்கம் பேட்டரிக்குக் காற்று போகும் துவாரத்தின் மேல் பையோ துணியோ கிடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சர்வீஸுக்கு விடும்போது அந்த துவாரத்தின் வலையையும் தூசி தட்டச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.